மலைப்பாதைக்கு விளக்கு வேண்டாம், நகரத்து விளக்குகளைக் கொஞ்சம் குனிய வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரத்துக்கு மேலே இருக்கும் மலைப்பாதையில் அடிவாரத்திலிருந்து உச்சி வரை கம்பம் நட்டு எல்.இ.டி. விளக்கு போடப் போகிறார்கள் என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அதை வரவேற்று இரண்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். இரவில் அங்கே ஓடுகிறவர்களின் பாதுகாப்புக்காக, அதிலும் பெண்களின் பாதுகாப்புக்காக என்று மூன்றிலும் இருந்தது. நான் அந்தப் பாதையில் வாரத்துக்கு இரண்டு இரவு ஓடுகிறவள், ஏழு வருஷமாக ஓடுகிறேன். யாருக்காக இந்த ஏற்பாடு என்று சொல்கிறார்களோ அந்த ஆட்களில் நானும் ஒருத்தி என்பதால் உரிமையோடு கேட்கிறேன், தயவுசெய்து அந்த விளக்குகளைப் போட வேண்டாம்.

இருட்டு அழகாக இருக்கிறது, அதைக் கெடுக்காதீர்கள் என்பதற்காக மட்டும் எழுதவில்லை. அதுவும் எனக்கு முக்கியம்தான், பிறகு வருகிறேன். ஆனால் செய்தியில் பேச்சு பாதுகாப்பைப் பற்றி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வருஷம் எனக்குக் கணுக்கால் பிசகியது. இத்தனை வருஷத்தில் ஓடும்போது பட்ட பெரிய அடி அது ஒன்றுதான். அது மலையின் இருட்டில் நடக்கவில்லை. பாதை தொடங்கும் இடத்தில் அப்போது புதிதாக ஒரு ஃபோகஸ் லைட் வைத்திருந்தார்கள், அதற்குப் பக்கத்தில் நடந்தது. ஒன்றரை மணி நேரம் வேர், பாறை, சரளைக்கல் எல்லாவற்றையும் தாண்டி நல்லபடியாக இறங்கி வந்தேன். கடைசி வளைவில் திரும்பியதும் அந்த வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது, அதற்கு முன்னால் இருந்த நாலு படிக்கட்டு எனக்குத் தெரியவே இல்லை, கறுப்பாக ஏதோ ஒரு திட்டு மாதிரி இருந்தது. மூன்றாவது படியில் கால் உள்பக்கமாக மடங்கியது. ஆறு வாரம் ஓட முடியவில்லை. அந்தப் படிக்கட்டில் விளக்கு வருவதற்கு முன்னால் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன், ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை.

ஏன் அப்படி ஆனது என்பது கண்ணைப் பற்றிப் படித்த பிறகுதான் புரிந்தது. விழித்திரையில் கூம்பு செல்கள், குச்சி செல்கள் என்று இரண்டு வகை உண்டு, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம், பகலுக்கும் நிறத்துக்கும் அவைதான். குச்சி செல்கள் சுமார் 12 கோடி, அவை மங்கிய வெளிச்சத்துக்கு. குச்சி செல்களுக்குள் ரோடாப்சின் என்று ஒரு நிறமி இருக்கிறது. பலமான வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும், இருட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேரும். இருட்டுக்குப் போன முதல் 10 நிமிஷத்தில் கூம்பு செல்கள் தங்களால் முடிந்த அளவுக்குப் பழகிவிடும், குச்சி செல்கள் ஓரளவு முழு பலத்துக்கு வர 20 முதல் 30 நிமிஷம் ஆகும். அதைக் கெடுக்க ஒரு நிமிஷம்கூட வேண்டாம், பிரகாசமாக வைத்த ஒரு ஃபோன் திரையைப் பார்த்தாலே போதும்.

இப்போது மலைப்பாதையில் கம்பம் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அது நேரான சாலை இல்லை. வளையும், பாறைக்குப் பின்னால் போகும், மரக்கிளை மறைக்கும். எத்தனை கம்பம் நட்டாலும் வெளிச்சம் குளம் குளமாகத்தான் விழும். ஒரு குளத்திலிருந்து வெளியே வந்து அடுத்ததற்குப் போகும் வரை நடுவில் இருக்கும் இடம் ஓடுகிறவள் கண்ணுக்குக் குருட்டு இருட்டு. விளக்கே இல்லாதபோது அந்த இடம் அவ்வளவு இருட்டாக இருந்ததில்லை, இதைத்தான் விளக்கு கேட்கிறவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று தெரியவில்லை. இருட்டு அங்கே வந்து சேரவில்லை, நாம்தான் பக்கத்தில் வெளிச்சத்தை வைத்து அதை இருட்டாக்குகிறோம். அப்புறம் ஒரு நாள் மின்சாரம் போகும். மலையில் அப்போது இருக்கிற அத்தனை பேரும், கையில் டார்ச் எடுத்து வராதவர்கள் உட்பட (விளக்கு இருக்கிறதே என்று எடுத்து வரமாட்டார்கள்), ஒரே நொடியில் கண் தெரியாதவர்கள் ஆவார்கள்.

பெண்களின் பாதுகாப்பு என்ற பேச்சுக்கு வருகிறேன். அந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அது எனக்கும் உள்ள கவலை. வீட்டில் ஒவ்வொரு தடவையும் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஆனால் கம்பத்து விளக்கின் கீழே நான் ஓடினால் நான் யார், எவ்வளவு தூரத்தில் வருகிறேன், தனியாக வருகிறேனா என்பதெல்லாம் மலையில் இருக்கும் யாருக்கும் தெரியும், வெளிச்ச வட்டத்துக்கு வெளியே நிற்பவர் யார் என்பது எனக்குத் தெரியாது. இருட்டில் இது தலைகீழ். பழகிய கண்ணோடு நான் போகும்போது எதிரே வருபவரின் டார்ச் வெளிச்சம் மூன்று வளைவுக்கு அப்பாலேயே மரத்தின் மேல் அசைவது தெரியும், பேச்சு அதற்கும் முன்னால் கேட்கும், வேண்டுமென்றால் விளக்கை அணைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்கலாம். எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் தோன்றும் என்று சொல்லவில்லை. எங்கள் குழுவில் ஓடும் மற்ற பெண்களிடம் கேட்டேன், அவர்களும் இதையேதான் சொன்னார்கள். எங்களுக்குப் பாதுகாப்பு தருவது ஆள் துணை, தெரிந்த பாதை, ஃபோனுக்கு சிக்னல். நகரத்திலிருந்து அடிவாரம் வரை வருகிற சாலையிலும் வண்டி நிறுத்துமிடத்திலும்தான் எங்களுக்கு உண்மையில் பயம், அந்த இடங்களைப் பற்றிச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை.

இரவில் மலையில் எப்படித்தான் ஓடுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நெற்றியில் ஹெட்லேம்ப் கட்டிக்கொள்வோம். லூமென் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு, 200 முதல் 400 லூமென் இருந்தால் எங்கள் பாதைக்கு தாராளம். அதிலும் முழு வெளிச்சம் வைப்பது கரடுமுரடான இறக்கத்தில் மட்டும்தான், மற்ற நேரத்தில் குறைத்தே வைப்போம். கடையில் ஆயிரம், இரண்டாயிரம் லூமென் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கி வருகிற புதியவர்கள் முதல் நாளே ஒன்றைக் கவனிப்பார்கள். விளக்கு பளிச்சென்று இருக்கிறது, ஆனால் கல் எது, குழி எது என்று தெரியவில்லை. நெற்றியில் கட்டிய விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் காரணம். கல்லின் நிழல் கல்லுக்கு நேர் பின்னால் விழுகிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, தரை முழுக்கத் தட்டையாகப் பூசி மெழுகிய மாதிரி தெரியும். அதே விளக்கைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது ஒரு சின்ன டார்ச்சைக் கையில் தாழ்த்திப் பிடியுங்கள். ஒவ்வொரு கல்லும் வேரும் நீளமான நிழலோடு எழுந்து நிற்கும்.

கம்பத்து விளக்கு தலைக்கு மேலே, செங்குத்தாக விழுகிறது. கம்பத்தின் நேர் கீழே நிழலே விழாது. கம்பத்தைக் கடந்த பிறகு என் உடம்பின் நிழல் எனக்கு முன்னால், நான் அடுத்த அடி வைக்க வேண்டிய இடத்திலேயே விழும். தெருவில் நடக்கும்போது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தெருவில் அது ஒன்றும் செய்யாது, மலையில் அந்த நிழலுக்குள் ஒரு வேர் இருக்கும்.

மூடுபனி நாளில் இன்னொரு பாடம் உண்டு. நெற்றி விளக்கைப் பனிக்குள் அடித்தால் துளிகள் அத்தனையும் வெளிச்சத்தைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும், ஒரு வெள்ளைச் சுவர் முன்னால் நடந்து வருகிற மாதிரி இருக்கும். அப்போதும் விளக்கை இடுப்புக்கு இறக்கி, வெளிச்சத்தைக் குறைத்துத்தான் போக வேண்டும். பனியில் கம்பத்து விளக்கு ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைப் பந்து ஆகிவிடும், அதைச் சுற்றி எதுவும் தெரியாது.

ஏற்றம் முடிந்து பாதை சமமாகும் இடத்தில் நிலா இருக்கும் இரவுகளில் விளக்கை அணைத்துவிடுவோம். முழு நிலவின் வெளிச்சம் தரையில் 0.1 முதல் 0.3 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) வரைதான். தெருவிளக்கின் கீழே அதைப்போலப் பல பத்து மடங்கு இருக்கும். ஆனாலும் பழகிய கண்ணுக்கு அந்த நிலா போதும், மரத்தின் நிழலை மிதித்துக்கொண்டு ஓடலாம். எங்களோடு புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பெண் ஒருத்தி முதல் தடவை பயந்துபோய், "அக்கா, நான் மட்டும் விளக்கை வைத்துக்கொள்ளட்டுமா" என்று கேட்டாள். வைத்துக்கொள், ஆனால் சிவப்புக்கு மாற்றிவிடு என்றேன். சிவப்பு வெளிச்சம் குச்சி செல்களை அவ்வளவாகப் பாதிக்காது. பத்து நிமிஷம் கழித்து அவளே அணைத்துவிட்டாள், "தெரிகிறது அக்கா, எல்லாமே தெரிகிறது" என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

தெரிவதும் பகலில் தெரிகிற மாதிரி இல்லை. விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்கள் கிடையாது, அதனால் மங்கலான ஒரு கல்லை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும், கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். வானம் பார்ப்பவர்கள் மங்கிய நட்சத்திரங்களைப் பார்க்க இதைத்தான் செய்கிறார்கள். நிறமும் மாறும். செம்மண் கறுத்துப்போகும், இலைகள் வெளிறித் தெரியும். பொழுது மங்கும்போது சிவப்பு முதலில் கறுத்து, நீலமும் பச்சையும் மிஞ்சி நிற்பதை செக் நாட்டு அறிவியலாளர் புர்கின்யே 1825-லேயே எழுதி வைத்திருக்கிறார், அவர் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள். கண்ணோடு சேர்ந்து மற்றதும் விழிக்கும். சரளையில் கால் வைக்கும் சத்தமும் ஈரமண்ணில் வைக்கும் சத்தமும் வேறு வேறு என்று பாதம் முந்திக்கொண்டு தெரிந்துகொள்ளும். காற்று இல்லாத தெளிவான இரவில் குளிர்ந்த காற்று கனத்து சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும், அதனால் மேலே வெதுவெதுப்பாக ஓடிவந்தவர்கள் ஓடைக்கு இறங்கும்போது முழங்காலுக்குக் கீழே முதலில் குளிரை உணர்வோம், தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரியே இருக்கும். வேகம் குறைவுதான், ஆனால் இரண்டு மடங்கு வேகமாக ஓடுகிற மாதிரி தோன்றும். எட்டடி சுற்றளவுக்குள் உலகம் சுருங்கியதும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த அலுவலகப் பேச்சு, வீட்டுக் கணக்கு எல்லாம் தானாக நின்றுவிடும். எனக்கு நடுவில் ஒரு மோசமான வருஷம் வந்தது, தூக்கமே இல்லை. அந்த வருஷத்தை நான் தாண்டியது இந்தப் பாதையில்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்படி ஓடுகிறவர்கள் நாங்கள் பத்துப் பேர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் மோன் பிளாங் மலையைச் சுற்றி 2003 முதல் நடக்கிற யு.டி.எம்.பி. ஓட்டம் சுமார் 170 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 10,000 மீட்டர், பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்று நாட்டு மலைகள் வழியாகப் போகிறது. மாலையில்தான் கிளம்புவார்கள். முதலில் வருகிறவர்கள் 20 மணி நேரம் வாக்கில் முடிப்பார்கள், கடைசி ஆட்களுக்கு 46 மணி நேரத்துக்கு மேல் அவகாசம் உண்டு, அதாவது பெரும்பாலானவர்கள் இரண்டு இரவு ஓடுகிறார்கள். அந்தப் பாதை முழுக்க யாரும் கம்பம் நட்டு வைக்கவில்லை. ஹெட்லேம்ப் இல்லாமல் வரக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள், வழி தவறாமல் இருக்க வெளிச்சம் பட்டால் மின்னும் அடையாளங்களைக் கட்டி வைக்கிறார்கள். எங்களுக்கும் அதுதான் வேண்டும்.

உண்மையான வெளிச்சப் பிரச்சினை எங்கே இருக்கிறது என்றால் கீழே. மலை உச்சிக்குப் போய் நகரத்தைப் பார்த்தால் எல்லோரும் ஆஹா என்பார்கள், நானும் முதல் வருஷம் அப்படித்தான் நின்றேன். ஏழு வருஷமாக ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதால் அது மாறியதையும் பார்த்துவிட்டேன். அப்போது நகரம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, சோடியம் விளக்குகள். ஒவ்வொரு பேட்டையாக வெள்ளையாக மாறியது, இப்போது முழுவதும் நீலம் கலந்த வெள்ளை. எல்.இ.டி. மீது எனக்கு விரோதம் எதுவும் இல்லை, மின்சாரம் மிச்சமாகிறது, அதற்கு அடிப்படையான நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014-ல் நோபல் பரிசு கொடுத்தது நியாயமே. ஆனால் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் 450 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் நீலம் தூக்கலாக இருக்கிறது. காற்று மூலக்கூறுகள் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும், பகலில் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். கணக்குப் போட்டால் சோடியம் விளக்கின் ஆரஞ்சை விட இந்த நீலம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகச் சிதறும். தெருவில் விழ வேண்டிய வெளிச்சம் வானத்தில் ஒரு வெள்ளைக் கூடாரமாக நிற்கிறது.

மேகம் இருக்கும் இரவில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஊர்களிலிருந்து தூரமான காட்டில் மேகம் மூடினால் இருட்டு கூடும், நட்சத்திர வெளிச்சம்கூட மறைந்துவிடும். நகரத்துக்கு மேலே அது நேர்மாறு, மேகம் வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கீழே அனுப்புகிறது. நிலா இல்லாத மேகமூட்டமான இரவில் எங்கள் பாதையில் ஹெட்லேம்ப் இல்லாமலே ஓடியிருக்கிறேன், என் கை நிழல்கூடத் தெரிந்தது. அவ்வளவு வெளிச்சம் ஏற்கெனவே மலை மேல் கொட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் கம்பம் எதற்கு?

மேலே நிற்பவர்களுக்கு மட்டும் தெரிகிற ஒரு விஷயம் இருக்கிறது, இதைத்தான் நகரத்து விளக்குகளுக்குப் பொறுப்பானவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சரியாக மூடி போட்டு, வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி வைத்த விளக்கை மலையிலிருந்து பார்த்தால் விளக்கு தெரியாது, அதற்குக் கீழே சாலை மட்டும் ஒரு மங்கலான பட்டையாகத் தெரியும். ஊசி மாதிரி கண்ணைக் குத்தும் விளக்கு எதுவாக இருந்தாலும் அது தன் வெளிச்சத்தில் ஒரு பங்கை மேல்நோக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், இல்லையென்றால் மேலே நிற்கும் என் கண்ணுக்கு அந்த பல்பு எப்படித் தெரியும்? எந்தக் கருவியும் வேண்டாம். உச்சியிலிருந்து ஒரு தெருவை எடுத்துக்கொண்டு குத்துகிற விளக்குகளை எண்ணினால் போதும். விளையாட்டு மைதானம், விளம்பரப் பலகை, சாய்த்து வைத்த ஃபோகஸ் லைட் இவைதான் முதலில் தெரியும். அந்த வெளிச்சத்துக்கான மின்கட்டணத்தை நாம் எல்லோரும் சேர்ந்து கட்டுகிறோம், அது யாருடைய தெருவிலும் விழவில்லை.

இது எங்கள் நகரத்துக் கதை மட்டும் இல்லை. 2016-ல் வெளியான உலக அளவிலான இரவு வான வெளிச்ச வரைபடத்தின்படி உலக மக்களில் 80 சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் கலந்த வானத்தின் கீழ் வாழ்கிறார்கள், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களால் தங்கள் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது. 2011 முதல் 2022 வரை உலகம் முழுக்க சாதாரண மக்கள் வெறும் கண்ணால் பார்த்து அனுப்பிய 51,000-க்கும் அதிகமான பதிவுகளை வைத்து 2023-ல் ஒரு ஆய்வு வந்தது. வானத்தின் வெளிச்சம் வருஷத்துக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடுகிறது என்றது அது. எட்டு வருஷத்துக்குள் இரண்டு மடங்கு. 250 நட்சத்திரங்கள் தெரியும் இடத்தில் ஒரு குழந்தை பிறந்தால் அதற்கு 18 வயது ஆகும்போது 100 தான் மிஞ்சும் என்று ஆய்வாளர்களே கணக்குச் சொன்னார்கள். உச்சிப் பாறையில் நின்று முன்னால் நான் அடையாளம் வைத்துக்கொண்டிருந்த மங்கிய நட்சத்திரக் கூட்டம் ஒன்றை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது, அதனால் இந்தக் கணக்கை நம்ப எனக்குச் சிரமமாக இல்லை.

மாற்ற முடியும் என்பதற்கும் இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் அரிசோனாவில் மலையடிவாரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958-லேயே விளம்பரத்துக்காக வானத்தில் வீசும் தேடுவிளக்குகளுக்குத் தடை போட்டது, 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவெல் வானாய்வகம் அங்கே இருப்பதால். பிறகு தெருவிளக்கு, கடை விளக்கு எல்லாவற்றுக்கும் விதி வந்தது, 2001-ல் உலகத்தின் முதல் சர்வதேச இருள்வான நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அது காடு இல்லை, மக்கள் வாழும் ஊர், கடை, கல்லூரி, ரயில் எல்லாம் இருக்கிறது. அதே மாதிரி ஸ்பெயினுக்குச் சொந்தமான லா பால்மா தீவில் 1988-ல் இருந்து வானத்தைக் காக்க ஒரு சட்டம் இருக்கிறது. டிரெயில் ரன்னிங், அதாவது மலைப்பாதையில் ஓடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தத் தீவு நன்றாகத் தெரியும், டிரான்ஸ்வல்கேனியா ஓட்டம் நடக்கும் இடம். தெற்கு முனையில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் விடியும் முன் 6 மணிக்குக் கிளம்பி, ஹெட்லேம்ப் வரிசையாக மலை ஏறி, தொலைநோக்கிகள் இருக்கும் 2,400 மீட்டர் உயரத்துச் சிகரம் வழியாக இறங்குவார்கள். இருட்டைக் காப்பாற்றிய அதே தீவில்தான் ஆயிரக்கணக்கானவர்கள் இருட்டில் ஓடுகிறார்கள்.

மலை எங்களுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. ஹெட்லேம்பைக் கண் மட்டத்தில் வைத்துப் புல்வெளியைப் பார்த்தால் பனித்துளி மாதிரி பச்சைப் பொட்டுகள் மின்னும், கிட்டே போனால் ஒவ்வொன்றும் ஒரு சிலந்தியின் கண். பாதை நடுவில் பக்கி என்ற இரவுப் பறவை உட்கார்ந்திருக்கும், இரண்டு சிவந்த கனல் மட்டும் தெரியும், கால் படும் தூரம் வரை அசையாமல் இருந்துவிட்டு சத்தமே இல்லாமல் எழுந்து போகும். ஓடைப்பக்கம் மின்மினிகள், அவை ஜோடி தேடுவதே ஒன்றுக்கொன்று காட்டும் வெளிச்சத்தை வைத்து, மேலே ஒரு விளக்கு எரிந்தால் அந்தப் பேச்சு கேட்காமல் போய்விடும். விட்டில்கள் விளக்கை நோக்கி ஆசையோடு வருவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2024-ல் வந்த ஒரு ஆய்வு அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. வானம் இருக்கும் பக்கம் வெளிச்சமாக இருக்கும் என்ற பழக்கத்தில் பூச்சிகள் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்புகின்றன, பக்கத்தில் ஒரு விளக்கு இருந்தால் மேல் எது கீழ் எது என்று குழம்பி அதையே சுற்றிச் சுற்றி வந்து மாட்டிக்கொள்கின்றன. அடிவாரத்து ஃபோகஸ் லைட்டின் கீழே காலையில் கிடக்கும் இறக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அதை உச்சி வரை கொண்டுபோக வேண்டுமா?

சரி, பணம் ஒதுக்கியாகிவிட்டது, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. மழைக்கு அரித்துப்போன மூன்று இறக்கங்களில் கல் அடுக்கித் தரலாம். படிக்கட்டு விளிம்புகளில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒட்டலாம். பாதை பிரியும் இடங்களில் அதே மாதிரி அடையாளமும், ஒவ்வொரு அரை கிலோமீட்டருக்கும் எண் போட்ட சின்னக் கல்லும் வைத்தால், யாருக்காவது அடிபட்டால் உதவிக்கு வருகிறவர்களிடம் 7-ம் எண் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்ல முடியும். நான் பிசகிய காலோடு உட்கார்ந்திருந்தபோது அடிவாரம் என்பதால் ஆள் வந்தார்கள். மேலே நடந்திருந்தால் எந்த வளைவு என்று ஃபோனில் எப்படி விளக்கியிருப்பேன் என்று தெரியவில்லை. சிக்னல் கிடைக்காத பின்பக்கச் சரிவுக்கு ஏதாவது வழி செய்யலாம். வண்டி நிறுத்துமிடத்தில் விளக்கு வேண்டும், கட்டாயம் வேண்டும், ஆனால் மூடி போட்டு, மஞ்சள் கலந்த, நிறத்தின் அளவு 3,000 கெல்வினுக்கு மேல் போகாத வெளிச்சமாக, தரையைப் பார்த்த மாதிரி. அந்த ஃபோகஸ் லைட்டை எடுத்துவிட்டு முழங்கால் உயரத்தில் நாலு சின்ன விளக்கு வைத்தாலே படிக்கட்டு தெரியும், கண்ணும் கெடாது.

எங்கள் பக்கத்திலும் திருத்திக்கொள்ள வேண்டியவை உண்டு. எதிரே ஆள் வரும்போது விளக்கை இறக்காமல் முகத்தில் அடிப்பவர்கள் எங்களிலேயே இருக்கிறார்கள், அது கூடாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாற்று பேட்டரி இல்லாமல் வருகிறவர்களை நாங்கள் இப்போது அழைத்துப் போவதில்லை, குளிர் இரவில் பேட்டரி சீக்கிரம் தீரும். இரவில் இவ்வளவு பேர் மலையில் இருப்பதே விலங்குகளுக்குத் தொந்தரவு என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க என்னிடம் பதில் இல்லை, பத்து மணிக்குள் இறங்கிவிடுவது, இனப்பெருக்க மாதங்களில் ஓடைப்பக்கம் போகாமல் இருப்பது என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரியர் அவர்களே, முடிவு எடுப்பதற்கு முன்னால் உங்கள் நிருபர் ஒருவரையும், இந்தத் திட்டத்தைப் போட்டவர்களில் ஒருவரையும் எங்களோடு ஒரு இரவு அனுப்பி வையுங்கள். ஓட வேண்டாம், நடந்து வந்தால் போதும், நாங்களும் நடக்கிறோம். அமாவாசையை ஒட்டிய ஒரு நாள், மேகம் இல்லாமல் இருந்தால் நல்லது. நல்ல பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போட்டு வரட்டும், ஹெட்லேம்ப் எங்களிடம் இரண்டு கூடுதலாக இருக்கிறது. மலைக்குப் பின்பக்கம், நகரம் மறைகிற அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால் ஒரு 25 நிமிஷம் விளக்கை அணைத்து, ஃபோனை எடுக்காமல் உட்கார்ந்திருப்போம். பிறகு பாதையைப் பார்க்கச் சொல்லுங்கள், மேலே பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அந்த ஃபோகஸ் லைட்டுக்கு முன்னால் இருக்கும் நாலு படிக்கட்டிலும் அவர்களையே முதலில் இறங்கச் சொல்கிறேன், நான் பக்கத்தில் கை பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலைப்பாதையில் இரவில் ஓடும் உங்கள் வாசகி